முளை என்று என் காதில் விழுந்தது

என் சரோஜா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடியதிலிருந்து உன்னை நினைத்தால் எனக்கு அழுகைதான் வரும். இப்போது கொஞ்ச நாளாகப் பயம் வருகிறது. நீ கன்றிலிருந்து வளர்த்தாயே செவலை, அவள் சினை நிற்கவே மாட்டேன் என்கிறாள். போட்ட ஊசியெல்லாம் வீண். பாலும் வற்றிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஈரமில்லாத ஆள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? “கொச்சியில, இந்தக் கொச்சங்காடி சந்துல பால் இல்லாத மாட்டை எவ்வளவு நாளைக்குக் கட்டிப் போடறது? இந்தத் தடவையும் நிக்கலேன்னா ஆலுவா மாட்டு யாவாரி வண்டி கொண்டு வரேன்னாரு, கொடுத்துடலாம்” என்கிறார். அந்த வண்டி எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் மிருகாசுபத்திரியிலிருந்து டாக்டரம்மா ஸ்கேன் மெஷினோடு வந்தார். முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “அண்டாசயத்தில் ஒரு முழயுண்டு சேச்சி” என்று மலையாளத்தில் சொன்னார். என் காதில் விழுந்தது முளை. சரி, வயிற்றில் முளைத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன் அக்கா.

“சந்தோஷம் டாக்டரே, இருந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அந்த அம்மா திருதிருவென்று முழித்தார். என் மகள் திவ்யாதான் பின்னாலேயே வந்து புடவையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும், மலையாளம் தண்ணிபட்ட பாடு. “அம்மா, முள இல்லம்மா. முழ. கட்டின்னு அர்த்தம். முட்டைப்பையில கட்டி இருக்காம்.” நம் வாயில் ழவும் ளவும் ஒன்றுதானே, நான் எதைக் கண்டேன்?

கட்டி என்றதும் சாணியென்றும் பார்க்காமல் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா பக்கத்தில் குந்தி, “பேடிக்கண்டா சேச்சி” என்று, பயப்படாதே என்பதுபோல் தட்டிக்கொடுத்து மெதுவாக விளக்கினார். முட்டை ஒரு நீர்க்கொப்புளத்துக்குள் இருந்துதான் வளருமாம். பக்குவமானதும் கொப்புளம் உடைந்து முட்டை வெளியே வர வேண்டும், அப்போதுதான் சினை ஊசி பிடிக்கும். செவலைக்கு அது உடையாமலேயே வீங்கி நிற்கிறது, முட்டை உள்ளேயே வீணாகிவிடுகிறது. அதனால்தான் அவள் காலம் கெட்ட நேரத்தில் கத்துகிறாளாம். மருந்து போட்டிருக்கிறேன், ஒழுங்காகப் பருவத்துக்கு வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. உனக்கும் இப்படித்தான் ஏதாவது இருந்திருக்குமோ? ஒரு ஊசியில் சரியாகிற விஷயமாக இருந்திருக்குமோ? மலடி என்று சொல்லி உன் மாமியார் வீட்டில் உன்னைப் பெட்டியோடு பஸ் ஏற்றி இங்கே அனுப்பினார்களே, ஒரு டாக்டரிடமாவது காட்டினார்களா? மாட்டுக்குப் பார்த்ததை உனக்கு யாரும் பார்க்கவில்லையே அக்கா.

இன்று விடிந்ததிலிருந்து செவலை கத்துகிறாள். கண்ணாடி போல வழும்பு விழுகிறது, பருவத்துக்கு வந்துவிட்டாள். திவ்யா போன் செய்துவிட்டாள், மத்தியானம் டாக்டரம்மா வருவார். தவிடு கலக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இதுவும் பிடிக்காவிட்டால்?

அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது போய் எதிரே நின்றேன். “நின்னாலும் சரி, நிக்கலேன்னாலும் சரி, அவ இங்கதான் இருப்பா. அந்த யாவாரிய வர வேண்டாம்னு சொல்லிடுங்க.” அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலிறங்கிப் போய்விட்டார். சாயங்காலம் வந்து என்ன சொல்வாரோ, அந்தப் பயமும் இருக்கிறது.

இருக்கட்டும். பயந்துகொண்டேதான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளை இல்லை என்பதற்காக நம் வீட்டிலிருந்து இன்னொருத்தியை யாரும் வண்டி ஏற்ற நான் விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா