இரண்டாம் கொதிகலனுக்கு ஒரு கார்டு

கெல்வர் சர்க்கரை ஆலை,
வட குயின்ஸ்லாந்து,
மே 4

மதிப்பிற்குரிய மெர்வின் அவர்களுக்கு,

லியோ ஸ்பிதெரி எழுதுவது. நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை என்பது நினைவிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது? உங்கள் மனைவி நோரீனுக்கு மறதி முற்றிவிட்டதாக என் தங்கை சொன்னாள். சனிக்கிழமைதோறும் டரூனா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், உங்கள் ஆலை மூடும்வரை அவர் உட்கார்ந்து கொதிகலன் ஓட்டிய அதே கட்டுப்பாட்டு மேடையின் முன் உட்கார வைக்கிறீர்களாம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் அழுவதில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இங்கே மழை ஏப்ரலோடு விட்டுவிட்டது. கரும்பு நன்றாக நிற்கிறது. என் அண்ணன் இந்த வருடம்தான் கடனில்லாமல் மூச்சு விடுவேன் என்கிறான். ஜோன் விவாகரத்து வாங்கிக்கொண்டு கெய்ர்ன்ஸ் போன பிறகு என் வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இரண்டாம் கொதிகலனின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மின்னணுக் கார்டு செத்துவிட்டது. உங்கள் ஆலைக்கும் எங்கள் ஆலைக்கும் ஒரே கப்பலில் வந்த கட்டுப்பாட்டு அலமாரிகள். செய்தவர்கள் அந்த வகையைக் கைவிட்டு இருபது வருடம் ஆகிறது. தண்ணீர் குறைந்தால் குழாய்கள் கருகும், கூடினால் நீராவியோடு டர்பைனுக்குள் போகும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கார்டு இல்லாமல் தீ மூட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மாற்றுக் கார்டுகள் எங்களிடம் இருந்தன. ஐந்து வருடம் நகராத எதுவும் கிடங்கில் இருக்கக் கூடாது என்று பெர்த்திலிருந்து வந்த மேலாளர் உத்தரவு போட்டார். நான் சண்டை போட்டேன். “ஏன் லியோ, நீ கிடங்கு வச்சிருக்கியா, மியூசியம் வச்சிருக்கியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். பெட்டி பிரிக்காத கார்டுகள் பழைய இரும்போடு போயின. இப்போது அதே ஆள் தினமும் என் மேஜைமேல் சாய்ந்துகொண்டு, “கார்டு எங்கப்பா? இன்னுமா தேடுறே?” என்கிறார். முழு அமைப்பையும் மாற்றச் சொல்லி ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதே பதில்.

தேடாத இடமில்லை. ஓஹையோவில் ஒரு வியாபாரி அனுப்பியது புத்தம் புதிதாகப் பளபளத்தது. உள்ளே யாரோ பழைய பாகங்களை ஈயத்தால் அவசரமாகப் பற்றவைத்திருந்தார்கள், சோதனை மேஜையிலேயே புகைந்தது. கப்பல் உடைக்கும் ஊரிலிருந்து ஒன்று வந்தது. எண் சரி, பதிப்பு பழையது. எங்கள் அலமாரி அதை ஏற்கவில்லை. ஜெர்மனியில் ஒரு கிழவர் தன்னிடமிருந்த கடைசி இரண்டையும் ஒரு காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டாராம். “ஒரு வாரம் முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா?” என்று எனக்காக வருத்தப்பட்டார்.

ஜூன் அரவைக்கு இரண்டு கொதிகலனும் எரியவில்லை என்றால் கரும்பையெல்லாம் ரயிலில் தெற்கு ஆலைக்கு அனுப்பிவிட்டு, உங்கள் ஆலையை மூடியதுபோல் எங்களுடையதையும் மூடிவிடப் போகிறார்கள். புது முதலாளிகள் இதை ஒளிக்கவே இல்லை.

சரியான பதிப்பில், உயிரோடு இருக்கும் ஒரே கார்டு உங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்து, அதன் மட்டத்தைக் கார்டுக்குக் காட்டி, நோரீனின் மேடையில் நீர்மட்ட முள் ஆடும்படி செய்து வைத்திருக்கிறீர்களாம். அதை எனக்கு ஒரு பருவத்துக்குக் கடனாகக் கொடுங்கள். டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்து மாட்டுகிறேன்.

இரண்டு ஆலைக்கும் சேர்த்துத் தலைமைப் பொறியாளர் பதவி உங்களுக்குப் போன அன்று மதுக்கடையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. “லியோ எல்லாம் படிச்சிருக்கான். பாய்லரைத்தான் படிக்கல.” பட்டம் என்னிடம், பதவி உங்களிடம். அதைக்கூட இப்போது ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

நோரீனுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
லியோ ஸ்பிதெரி

*

கெல்வர்,
ஜூலை 13

மெர்வின் அவர்களுக்கு,

வியாழக்கிழமை நீங்கள் தொலைபேசியில் சொன்னதற்கு நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மே மாதம் நான் அவ்வளவு எழுதினேன். உங்களிடமிருந்து வந்தது ஒரே வரி: “அது நோரீனுடையது, தர முடியாது.” பிறகு நான் அருங்காட்சியகக் குழுவுக்கு எழுதியது உண்மை. அந்த மேடையும் அலமாரியும் சட்டப்படி கம்பெனியின் சொத்து, காட்சிக்கு இரவல் கொடுத்தது. குழு சம்மதித்தது. நீங்கள் கண் அறுவைக்காக டவுன்ஸ்வில்லில் இருக்கும் சனிக்கிழமையைத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். அதையும் நீங்கள் வேறு யாரிடமிருந்தும் கேட்க வேண்டாம்.

தேநீர்க் கடை வால்டாதான் நோரீனை அழைத்து வந்திருந்தாள். நோரீன் ஸ்வெட்டரும் பிளாஸ்குமாக மேடை முன் உட்கார்ந்திருந்தார். என் கையில் கருவிப்பையைப் பார்த்ததும், “வந்துட்டியா? நேத்தும் லேட்டு, இன்னைக்கும் லேட்டு. உன் வீட்டுக் கடிகாரத்தைக் கரும்பு வண்டியில போட்டுட்டியா?” என்றார். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. முள்ளைக் காட்டி, “ரெண்டாம் நம்பர்ல தண்ணி ஆடிக்கிட்டே இருக்கு, கண்ணை எடுக்காத. போன தடவை ஒருத்தன் சாண்ட்விச்ல மூஞ்சியைப் புதைச்சிட்டு உக்காந்திருந்தான். கீழ ஆளுங்க இருக்காங்கப்பா, ஞாபகம் வச்சுக்கோ,” என்றார். “சரிங்க, நான் பாத்துக்கறேன்,” என்றேன். நிம்மதியாக எழுந்து பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வால்டாவிடம் போனார். போகும்போது என் தோளைத் தட்டினார். அவர் அறையை விட்டுப் போனதும் கார்டை உருவினேன். முள் விழுந்தது.

கார்டு எங்கள் அலமாரியில் முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. குறித்த நாளில் அரவை தொடங்கியது. மேலாளர் பத்திரிகைக்காரர்களோடு புகைபோக்கியின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அது பழகிப்போனதுதான்.

அடுத்த சனிக்கிழமை நோரீன் வந்து இருண்ட மேடையைப் பார்த்ததை நீங்கள் சொல்லித்தான் தெரியும். இணைப்பே இல்லாத அந்தத் தொலைபேசியை எடுத்து எடுத்துக் கூப்பிட்டாராம்: “கீழ யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க மெர்வ், யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க.” கொதிகலன் வெடித்து ஆட்கள் வெந்துபோனார்கள் என்று அன்றிலிருந்து தூங்குவதில்லை, நீங்கள் ஊட்டினால் வாய் திறப்பதில்லை. “அவ உன்னை நம்பித்தானடா ஷிஃப்டை ஒப்படைச்சிட்டுப் போனா,” என்றீர்கள். பத்தொன்பது வருடம் எனக்கு மேலே இருந்தபோதும் நீங்கள் என்னை டா போட்டதில்லை.

கார்டை இப்போது தர முடியாது. உருவினால் இரண்டாம் கொதிகலன் நிற்கும், வெட்டிய கரும்பு வண்டிகளிலேயே புளிக்கும், பிறகு ஊரில் ஒரு விளக்கும் எரியாது. ருமேனியாவில் ஒருவரிடம் இன்னொன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அது வந்தால் அன்றே காரில் ஏறுவேன். வரும் என்று நான் நம்பவில்லை. நான் செய்தது தவறு என்று எழுதவும் எனக்கு வரவில்லை. ஆனால் அவர் தட்டிய தோளில் இரண்டு வாரமாகச் சட்டை உறுத்துகிறது.

இந்த உறையில் ஒரு சிவப்பு அட்டை வைத்திருக்கிறேன். நம் ஆலைகளில் கொதிகலனை நிறுத்திப் பழுது பார்க்கும்போது சுவிட்சில் மாட்டுவோமே, அதே அபாய அட்டைதான். அரவை முடிந்து ஆலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் நோரீன் இவற்றை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறார். அட்டை தொங்கினால் தீ இல்லை, நீராவி இல்லை, உள்ளே போனவன் பத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு நண்டு பிடிக்கப் போய்விடுவார் என்று நீங்களே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். தேதியும் ஷிஃப்டும் போட்டு, என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பொய்யாக அட்டை மாட்டிய ஒருவனை நீங்கள் அன்றே வீட்டுக்கு அனுப்பியது தெரியும். யோசித்துப் பார்த்தேன், இதில் பொய் எதுவும் இல்லை. நோரீனின் இரண்டாம் கொதிகலன் நிற்கிறது, நிறுத்தியவன் நான்.

சனிக்கிழமை அவர் வருவதற்கு முன் அந்த மேடையில் இரண்டாம் கொதிகலனின் சுவிட்சில் மாட்டிவிடுங்கள். அவரையே படிக்க விடுங்கள். ஷிஃப்டை வாங்கிக்கொண்டவன் கொதிகலனை ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் உள்ளே போனான், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். என்னைப் பற்றி நல்லதாக நீங்கள் சொல்ல நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

குழுவில் யாராவது அசிங்கமாக இருக்கிறது என்று அதை எடுக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மாட்டியவன் பெயரில் இருக்கும் அட்டையை அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது. உலகத்தில் எல்லாம் மறந்தாலும் நோரீன் அதை மறந்திருக்க மாட்டார். கடைசிக் கரும்பு அரைபட்டதும் கார்டை எடுத்துக்கொண்டு வருவேன். அவர் எதிரில் அட்டையை நானே கழற்ற வேண்டும். அதுவரை அவர் சாப்பிடட்டும், தூங்கட்டும். அன்றைக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள், மெர்வ்.

லியோ