வெள்ளிக்கிழமை நெல்லும் புது மனேஜரும்

கல்முனைக்குடி
14.09.1982

அன்பு மகன் மீராசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் காவலில் நானும் உன் உம்மா ஹாஜறாவும் சுகம், தம்மாம் வெயிலில் நீயும் வாடாமல் இருக்க துஆச் செய்கிறோம். கம்பனியில் உன்னைப் போர்மனாக்கப் போகிறார்களாம், ஆட்களை நடத்த என்ன தகுதி வேண்டும் என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளிடம்தான் கேட்டாய், வீட்டுக் கோழியே என் சொல் கேட்பதில்லை.

நம் அரிசி மில்லுக்குக் கண்டியிலிருந்து அப்துல் ஸமட் என்று ஒரு புது மனேஜர் வந்தார். முந்தினவர் அறையை விட்டு இறங்கமாட்டார், இவர் வந்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் நின்று, அரிசி ஏன் இவ்வளவு உடைந்து குறுணலாகிறது என்று விசாரித்தார். ஆளுக்கொரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நழுவினோம். காரணம் எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அவித்த நெல்லை விரித்துப்போட்டு ஜும்ஆவுக்கு ஓடுகிறோம், தொழுது, தின்று, கொஞ்சம் சாய்ந்து எழும்பி வருவதற்குள் நெல் கிளற ஆளில்லாமல் காய்ந்து முறுகிவிடும், அதுதான் உடைகிறது. சொன்னால் அந்தப் பகல் ஓய்வையும் பிடுங்குவார், களத்துக்குப் பொறுப்பான என் வேலையையும் பிடுங்குவார். பிறகு மில்லில் மௌலூது ஓதிச் சோறு வைத்தபோது நாலைந்து பேர் சேர்ந்து தின்கிற என் சஹன் தட்டிலேயே வந்து குந்தி, இறைச்சியை எல்லாம் என் பக்கம் தள்ளினார். அறுக்கப்போகிற குர்பான் ஆட்டுக்குக் குழை காட்டுகிறார் என்று நினைத்தேன், ஆனாலும் இறைச்சியைத் திருப்பித் தள்ளவில்லை.

அடுத்த ஜும்ஆவில் எனக்குப் பக்கத்தில் தொழுத மனேஜர் முடிந்ததும் மாயமானார். பின்னால் போய் ஒளிந்து பார்த்தால், களத்தில் தனியே நெல்லைக் கிளறிக்கொண்டு நிற்கிறார். என் கதை முடிந்தது என்று வந்து உம்மாவிடம் சொன்னேன். அவரு நெல்லத்தானே கிளறினாரு, உங்கட வயித்தையுமா கிளறினாரு என்றாள்.

போன கிழமை கொழும்புப் பெரியவர்கள் வந்து, குறுணலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நான் மூட்டைக்குப் பின்னால். வெள்ளிக்கிழமை நெல் விரிக்க விட்டது என் பிழை, இனி அன்றைக்குச் சாக்குத் தைக்கிற வேலை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார் மனேஜர். ஓய்வும் தப்பியது, என் வேலையும் தப்பியது, அவரைத்தான் பொலன்னறுவைக்கு மாற்றிப்போட்டார்கள். இதில் அவருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை துருவிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

ஆகையால் மகன், போர்மன் வேலையை எடு. உனக்குக் கீழே ஒருவன் நீ சிரித்தாலும் முழித்துப் பார்ப்பான். கோபிக்காதே, அவனும் யாரோ ஒரு பிள்ளைக்கு வாப்பா.

அல்லாஹ் உன் கைகளில் பறக்கத்தைத் தரட்டும். தொழுகையை விடாதே, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி உம்மா ஸலாம் சொல்கிறாள்.

உன் நலம் நாடும் வாப்பா,
மு. சீனிமுகம்மது