இளி என்றாய், இளுத்தேன்

நேற்று பெங்களூரிலிருந்து வந்த பஸ் ஓசூரில் நின்றதும் கன்னடக் கண்டக்டர், "இளீரம்மா, இளீரி" என்று அவசரப்படுத்தினார். இறங்கச் சொல்கிறார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். இறங்கவே தடுமாறுகிற கிழவிக்குச் சிரிப்பு வேறா என்று அவர் ஒரு மாதிரி பார்த்தார். நீ இருந்திருந்தால் அவரை நிறுத்தி வைத்து நம் கதையைச் சொல்லியிருப்பாய், வழக்கம்போல என்னை முட்டாளாக்கி.

அறுபதுகளின் கடைசியில் இதே சாலையில்தானே பெங்களூர் ஃபேக்டரிக்குக் கம்பிச்சுருள் சுற்றப் போய்வந்தோம். உன் வீட்டில் கன்னடம், என் வீட்டில் தமிழ், பஸ்ஸில் இரண்டும் கலந்த ஒரு பாஷை. ஃபேக்டரியின் மலையேற்றச் சங்கம் பெண்களை இமயமலைக்கு அனுப்பப்போகிறது என்றதும் முதலில் பெயர் கொடுத்தவள் நீ. என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வெளியே வருவதற்குள் கோயில் வாசலில் கிணற்றுக் கயிற்றோடு நிற்பாய். கிருஷ்ணகிரிப் பாறைகளில் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நாம் தொங்குவதைப் பார்த்து, இந்தப் பெண்களுக்கு வீட்டில் வேலையே இல்லையா என்று ஆடு மேய்ப்பவர்கள் பேசிக்கொண்டார்கள்.

உன் அப்பா ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். திரும்பி வந்ததும் கல்யாணம், அதோடு வேலைக்கும் முழுக்கு. நீ மறு பேச்சுப் பேசவில்லை. "ஒரே ஒரு தடவை உச்சியில நின்னுட்டாப் போதும்டி. அப்புறம் எங்க வேணா கட்டிக் குடுக்கட்டும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாத மலை அது. கடைசிக் கிராமத்தையும் தாண்டி, கோவேறு கழுதைகளோடு நாள்கணக்கில் நடந்தோம். அந்த உயரத்தில் அரிசி வேகமாட்டேன் என்றது. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கியது. நான் முணுமுணுக்காத நாளில்லை. நீயோ ராத்திரி தூக்கத்தில்கூட ஏறிக்கொண்டிருந்தாய்.

உச்சிக்குப் போகும் கடைசிச் சரிவில் முன்னால் வழிகாட்டி, நடுவில் நான், கடைசியில் நீ. மூவருக்கும் ஒரே கயிறு. பாதியில் நீ திரும்பிக் கீழே பார்த்துவிட்டாய். பயம் வந்தால் நாக்கு பிறந்த வீட்டுக்கு ஓடிவிடும் போலிருக்கிறது. காற்று இரைச்சலில், "இளி கணே, இளி" என்று கன்னடத்தில் கத்தினாய். இறங்குடி, திரும்பிவிடலாம் என்று அர்த்தம். தினமும் பஸ்ஸில் கேட்கிற வார்த்தைதான். ஆனால் நம் பக்கத்துத் தமிழ் வாய்க்கு எங்கே ழகரம் வருகிறது? இழு என்பதையே நாங்கள் இளு என்றுதான் சொல்வோம். என் காதில் அதுதான் விழுந்தது. பாவம், முடியவில்லை, இழுக்கச் சொல்கிறாள் என்று பனிக்கோடரியை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். நீ இன்னும் பலமாகக் கத்தினாய். நானும் இன்னும் பலமாக இழுத்துக்கொண்டே மேலே ஏறினேன்.

முகமெல்லாம் சிவக்க வந்து சேர்ந்து என் முதுகில் ஒரு குத்து வைத்தாய். "எறங்குன்னா இளுக்கிறியேடி, காது என்ன அடைச்சுப் போச்சா?" அடுத்த குத்துக்குக் கையை ஓங்கியபோதுதான் சுற்றிலும் பார்த்தாய். அதற்கு மேல் ஏற ஒன்றும் இல்லை. ஓங்கிய கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். வீட்டிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாய் கல்லாகியிருந்தது. கடித்தால் பல் போய்விடும் என்று ஆளுக்கொரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

சொன்னபடியே கல்யாணம் நடந்தது, வேலையும் போனது. நம் கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாளிலேயே ஒரு காலையில் டிபன் பாக்ஸோடு என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாய். அத்தனை உயரம் ஏறினவளுக்கு ஒரு பஸ் ஏறத் தெரியாதா என்று மாமியாரிடம் கேட்டுவிட்டு வந்தாயாம். ஓய்வு பெறும்வரை அந்த சீட்டை நீ யாருக்கும் விடவில்லை. உன் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் 'இளு ஆன்ட்டி'தான்.

போன ஆடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தப்பாகக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். "அன்னிக்கு உனக்குச் சரியாக் கேட்டிருந்தா நான் எறங்கியிருப்பேன்டி. அப்புறம் யார் எறங்குன்னாலும் எறங்கியிருப்பேன்." பேசாமல் படு என்று அதட்டி வைத்தேன்.

கயிற்றின் மறுமுனையில் நீ கனத்த கனம் என் உள்ளங்கைகளில் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் இறக்கிவைக்க எனக்கு மனமில்லை.