எனக்குப் பின்னால் நின்று ஆடியவனுக்கு

மச்சான்,

நேற்று இரத்தினபுரியில் கால்பந்து ஆட்டம். கடைசிவரை மழை விடவில்லை. இன்று காலை கொழும்பில், வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் அப்பிக் கிடந்த சேற்றைச் சுரண்டியபோது அந்த மண்ணின் வாசம் எழுந்தது. நனைந்த இலையும் இரும்பும் கலந்தது போல, நம் பக்கத்து மலைகளுக்கே உரிய வாசம். பூட்ஸைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். நீ போன பிறகு, உன்னோடு பேசியே ஆகவேண்டும் என்று இத்தனை பலமாகத் தோன்றியது இன்றுதான்.

கிளப்புக்கு ஆள் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். சுற்றிலும் எல்லாரும் சிங்களத்தில் பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் சுவரோரம் நின்று போனில், "வந்து சேந்துட்டேங்கம்மா. சாப்பிட்டேங்க. இல்லங்க, இங்க குளிரு எங்க, வேகுது" என்றாய். பெற்ற தாய்க்கு இத்தனை 'ங்க' போடுகிற ஒருவனை நான் அதுவரை கண்டதில்லை. எந்த ஊர் என்று கேட்டேன்.

"பலாங்கொடைக்கு மேல, தோட்டம். நீங்க?"

"மாவனல்லை."

"அப்ப நம்ம பக்கந்தான்!"

அரை நாள் பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தை 'நம்ம பக்கம்' என்று சொல்லிச் சிரித்தாய். நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் நாம் இருவரும் ஆடியது ஒரே இடம், நடுக்களம். கோச்சுக்குத் தேவைப்பட்டதோ ஒருவன். இருவரையும் கிளப்பில் சேர்த்துக்கொண்டு உன்னைத்தான் களத்தில் இறக்கினார், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. உன் காலிலிருந்து பந்து தரையை விட்டு எழும்பாது. ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் சிரிப்பு மூட்டுகிறது. உங்கள் தோட்டத்து மைதானம் சரிவில் இருக்கிறது. தூக்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். அடித்தவன்தான் போய்த் தேடவேண்டும். "அட்டைக்கு யாரு ரத்தம் குடுக்குறது? அதான் கீழயே வச்சிப் பழகிட்டோம்" என்றாய்.

அந்தப் பருவம் முழுக்க நான் பெஞ்சில். நீ ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பயிற்சிக்கு முன்னால் பையைக் கட்டிவிட்டேன்.

"எனக்கு ஏலாடா. ஊட்டுக்குப் போறேன். வாப்பாட கடைல நிக்கிறேன்."

நீ தடுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "சரி, போ. இன்னிக்கி பிராக்டிஸ் மட்டும் ஆடிட்டுப் போ" என்றாய்.

அன்று பயிற்சி ஆட்டத்தில் மாற்று ஆளாக என்னை உள்ளே விட்டார்கள். நான் நுழைந்ததும் நீ உன் இடத்தை விட்டுப் பின்னுக்குப் போனாய், பின்வரிசைக்காரர்களின் முன்னால் போய் நின்றுகொண்டாய். எனக்கு முன்னால் பெரிய வெளி ஒன்று திறந்து கிடந்தது. கோச் சிங்களத்தில் கத்தினார்: "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" நீயும் சிங்களத்திலேயே, "இங்க யாருமே இல்ல சேர், அதான் வந்தேன்" என்றாய். விசிலை வாயருகே கொண்டுபோனவர் ஊதாமல் நின்றார். அதற்குள் நீ தட்டிவிட்ட பந்து என் காலுக்கு வந்துவிட்டது. நான் திரும்பினேன், கொடுத்தேன், கோல்.

அடுத்த சனிக்கிழமை நம் இருவர் பெயரையும் வாசித்தார்கள். பை என்னவாயிற்று என்று நீ கேட்கவே இல்லை.

பிறகு வந்ததெல்லாம் நல்ல காலம். நீ ஆடியதைவிட அதிகம் பேசினாய். எனக்குப் பின்னால் தொண்ணூறு நிமிடமும் உன் சத்தம். "எடது பக்கம் ஆளு வர்றான்!" "திரும்பு, ஃப்ரீ!" "அவசரப்படாத, நேரமிருக்கு!" எதிரணிக்குப் புரியாத பாஷை நம்மிடம் இருந்தது நமக்குப் பெரிய பலம். மன்னாரிலிருந்து ஓர் அணி வரும்வரைதான் அது. நீ கத்தக் கத்த, நான் போகுமுன்னே அவர்கள் அங்கே நின்றார்கள். கடைசியில் அவர்களுடைய கேப்டன் என்னருகே ஓடிவந்து, "தம்பி, உங்கட ஆளைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லச் சொல்லுங்கோ, எல்லாம் விளங்குது" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் உன் காலுக்கு வந்த பந்தையும் தவறவிட்டாய்.

தேசிய அணிப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள், உன்னைக் கூப்பிடவில்லை. கோல் பக்கம் ஆடுகிறவன்தான் எல்லார் கண்ணிலும் படுவான். நீயோ என் பூட்ஸுக்குப் புது லேஸ் கோத்துக்கொண்டிருந்தாய். "நீ போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் ரெண்டு பேரு ஓட்டத்தையும் நான் ஓடணும். என் கவல அதுதான்" என்றாய்.

மாலைதீவுக் கிளப் ஒன்று உன்னை அழைத்தபோது நானே விமான நிலையம் வரை வந்தேன். இரண்டாம் பருவத்தில் உன் முழங்கால் பிசகியது. திரும்பி வந்தபோது நம் கிளப்பில் உனக்கு இடமில்லை என்றார்கள். நீ முறைத்துக்கொள்ளவில்லை. இரத்தினபுரியில் சின்ன கிளப் ஒன்றில் சேர்ந்து, கட்டுப்போட்ட காலோடு ஆடி, அவர்களை லீக்கில் ஒரு பிரிவு மேலே ஏற்றினாய். அந்த வெற்றியன்று நீ போனில் கத்தியதைப் போல நாம் ஒன்றாக வென்ற கோப்பைக்குக்கூடக் கத்தவில்லை.

அப்புறம் இரத்தத்தில் வந்த அந்த நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். நான் கட்டிலருகே வந்து நிற்குமுன் நீயே ஆரம்பித்தாய்.

"போன வாரம் அந்தப் பந்த ஏன் பின்னுக்குக் குடுத்த? போன்ல பாத்தேன்."

"முன்னுக்கு ஆள் நின்னான்டா."

"நின்னா? ஒன் கால் மேலயா நின்னான்?"

சோற்றுப் பாத்திரத்தோடு அருகில் நின்ற உன் தங்கச்சி சிரித்துவிட்டாள். "இவளும் நடுவுலதான் ஆடுறா. ஒருத்தருக்கும் பந்து குடுக்க மாட்டா. கொஞ்சம் பாத்துக்க" என்றாய். போகுமுன் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் இப்போது கொழும்பில், பெண்கள் கிளப் ஒன்றில். ஆள் தெரிவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அதற்குப் பிறகு என் உதவி அவளுக்குத் தேவைப்படவில்லை. போன மாதம், பக்கத்தில் இரண்டு பேர் ஃப்ரீயாக நிற்க, வெகுதூரத்திலிருந்து தானே அடித்துக் கோல் போட்டாள். "ஒங்க அண்ணன் எண்டா பாஸ் குடுத்திருப்பான்" என்றேன்.

"அண்ணன் குடுக்கும்ங்க. நான் அடிப்பேன்."

கோபமே வரவில்லை மச்சான். நீயும் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

எனக்கும் கால் வேகம் குறைந்துவிட்டது. இந்தப் பருவம் தொடங்கும்போது புது கோச் தயங்கித் தயங்கி, பின்னுக்கு வந்து ஆடுவாயா, முன்னால் ஒரு புதுப் பையனைப் போடவேண்டும் என்றார். அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். அங்கே நின்ற பிறகுதான் தெரிகிறது, எத்தனை முதுகுகளை நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. முன்னால் ஓடுகிறவனுக்குத் தன் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பையன் சிங்களவன், அவனுக்குச் சிங்களத்தில் சொல்கிறேன். அவசரத்தில் தமிழும் வந்துவிடுகிறது, அவனும் அதற்குப் பழகிவிட்டான்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டிப் பேச்சு வருவதில்லை. நேற்று இரவு என் மனைவி இஞ்சித் தேநீரை நீட்டிக்கொண்டே, "நீங்க என்ன, வாயாலயா பந்து அடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.