கிட்டார் பெட்டிக்குள் போகாது

என் மதிப்புக்குரிய கணவருக்கு,

ஆண்டவன் கருணையால் நானும் அத்தையும் பாப்பாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கத் தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அத்தையின் முட்டிவலிக்கு டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார், பரவாயில்லை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது; சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். குளியலறைக் குழாய்க்கு நானே வாஷர் வாங்கி மாட்டிவிட்டேன், இப்போது ஒழுகவில்லை. இவ்வளவும் நீங்கள் விசாரித்தவை. விசாரிக்காமல் ஒன்றைக் கட்டளையாகவே எழுதியிருந்தீர்கள்: என் பேஸ் கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வை, பிரார்த்தனைக் கூடத்தில் வாசிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பெட்டிக்குள் போகாது.

உங்கள் அண்ணன் போனில் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "பேய் உறுமற மாதிரி இருக்கும்மா. சாமி கும்பிட வந்தவங்க பயந்து ஓடிடுவாங்க." அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் எழுதுகிறேன்.

கூடத்தில் கீபோர்டு வாசித்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் போனபின் பாட்டுக்கு அடியில் பிடிமானமே இல்லை. ஆண்கள் ஒரு பக்கம் இழுக்க, பெண்கள் ஒரு பக்கம் ஏற்ற, கடைசிச் சரணத்துக்குள் சுருதி ஊர்சுற்றப் போய்விடும். கூடத்துக்குச் செயலாளர் உங்கள் அண்ணன்தானே, "செல்போன்ல பதிவு பண்ணின இசை எல்லாம் இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டாப் போச்சு" என்றார். ஆண்டவனைப் பாடப் போய் செல்போனுக்குப் பின்னால் ஓடுவதா? நான் வாசிக்கிறேன் என்றேன். நீங்கள் வேலைக்கென்று ஊர் விட்டுப் போனதிலிருந்து தூசி தட்டும் சாக்கில் தொட்டுத் தொட்டுப் பழகியது, கூடத்துப் பாட்டுகளுக்குக் கை போகிற அளவுக்கு வந்திருந்தது.

ஆனால் கீபோர்டு இல்லாத இடத்தில் கிட்டார் மட்டும் ஒல்லியாகக் கேட்டது. பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றிக் கிடந்ததே ஆக்டேவ் பெடல், "கொழகொழன்னு உளறுது, சனியன்" என்று நீங்கள் ஒதுக்கியது, அதை எடுத்தேன். காலால் மிதித்தால், வாசிக்கிற சுரத்தோடு அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழேயும் சேர்ந்து கேட்கும். நம் குரலுக்குப் பின்னால் கனத்த குரலுள்ள ஒருவர் நின்று முனகுவது போல.

முதல் ஞாயிறு மானம் போனது உண்மை. கீழே போகப் போக நல்லது என்று நினைத்து, இருப்பதிலேயே தடித்த தந்தியை அப்படியே தட்டினேன். மற்ற தந்திகளும் கூடவே அதிர்ந்தன. பெடல் குழம்பிப்போய் கடமுடவென்று உருண்டது, ஜன்னல் கண்ணாடி தடதடத்தது. கண்மூடிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்த டிரம்ஸ்காரத் தம்பி ஒரு கண்ணைத் திறந்து, "யாருக்கு வயிறு சரியில்ல?" என்று கேட்க, முன்வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. உங்கள் அண்ணன் சிரிக்கவில்லை. நானும்தான்.

இதோடுதான் அவர் கதையை முடித்திருப்பார். நான் முடிக்கவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் போனபின் தினமும் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெடலால் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தின் பின்னால்தான் போக முடியும். இரண்டு தந்தி சேர்ந்து ஒலித்தால் எதன் பின்னால் போவதென்று தெரியாமல் உளறுகிறது. அதனால் வாசிக்காத தந்திகளை விரலால் அமுக்கி வாயடைத்துவிட வேண்டும். அடிச்சுரத்தையே தட்டினால் அதற்குக் கீழே இறங்க இடம் ஏது? கையை கிட்டாரின் உடற்பகுதிப் பக்கமாகத் தள்ளி மேல்ஸ்தாயியில் வாசித்தால், அது தெளிவாகக் கீழே இறங்குகிறது. எல்லாப் பாட்டுக்கும் மிதிக்கக் கூடாது. மெதுவான பாட்டில், கடைசிச் சரணத்தில் மட்டும். நீங்கள் வேகமாக வாசிப்பவர், இரண்டு தந்தியைச் சேர்த்து அடிப்பவர். உங்களிடம் அது உளறியதில் ஆச்சரியமில்லை.

போன ஞாயிறு அப்படித்தான் வாசித்தேன். ஒருவர் சுருதியும் நகரவில்லை. பாட்டு முடிந்ததும் அத்தை நாற்காலியில் கால் இரண்டையும் தரையில் ஊன்றியபடி அசையாமல் இருந்தார். இரண்டு காதும் அடைத்துப்போன பிறகு கூடத்துக்குச் சும்மா முகம் காட்டத்தான் வருவார், உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் குனிந்த உங்கள் அண்ணனிடம், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "காதுல இல்லடா, கால்ல கேட்டுச்சு. உன் தம்பி வாசிச்சப்பகூட எனக்கு இப்படிக் கேக்கல" என்றார். உங்கள் மனம் நோகும் என்று இதை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். கட்டளை வந்தபின் எதற்கு மறைக்க வேண்டும்?

இந்த மாதக் கடைசி ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் கூடத்து நிர்வாகக் குழுவினர் உட்கார்ந்து முடிவெடுக்கப் போகிறார்கள், செல்போனா நானா என்று. "தம்பி வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்புறம் பேச்சே இல்ல" என்று உங்கள் அண்ணன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லாதீர்கள். சொன்னாலும் நான் வாசிப்பேன். எழுந்துபோ என்று அவர்கள் சொல்லட்டும், எல்லார் முன்னாலும் சொல்லட்டும்.

வீட்டையும் கணக்கையும் உங்கள் தாயையும் பிள்ளையையும் என்னை நம்பி விட்டுப் போனீர்கள். நாலு தந்தியை மட்டும் நம்ப முடியவில்லையா? பெடலுக்குப் பேட்டரி வாங்கியதை மாதக் கணக்கில் 'பிரார்த்தனை' என்ற தலைப்பில்தான் எழுதியிருக்கிறேன். 'பொழுதுபோக்கு' என்று எழுத எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை.

உங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த இடம் காலியாகக் கிடந்து எத்தனை காலமாயிற்று என்று உங்களுக்கே தெரியும். இந்த வருடமும் விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. கிடைக்கும்போது வாருங்கள். கூடத்தில் இன்னொரு கிட்டாருக்கு இடம் இருக்கிறது, பக்கத்தில் நின்று வாசிக்கலாம். என்னை எழுப்பிவிட்டு அல்ல.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாட்டு தொடங்கும். நீங்கள் அங்கே வேலையில் இருப்பீர்கள். இருந்தாலும் ஒரு நிமிஷம் கையை நிறுத்தி எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இவள் திருந்த வேண்டும் என்று அல்ல. இவள் கை நடுங்கக் கூடாது என்று.

ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்.

மாறாத அன்புடன்,
உங்கள் மனைவி