நாவலில் வரும் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாரிஸில் குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு லேசான சளி, அவ்வளவுதான்.

என் நாவலைப் படித்துவிட்டு நேற்று ஃபோனில் அழுதீர்கள். "அதுல வர்ற அம்மா நீதானான்னு கோயில்ல எல்லாரும் கேக்குறாங்கடி. குருசுக்குப்பத்துல தலகாட்ட முடியல."

ஆமாம், நீங்கள்தான். படிக்க வைப்பதாகச் சொல்லி, பதினாறு வயது மகளை அத்தையின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே அனுப்பிவைத்தவர். ஞாயிறுதோறும் ஃபோனில் அந்தப் பெண் "நல்லா இருக்கேம்மா" என்பாள். அப்போது அத்தை பக்கத்திலேயே நிற்பார். அதையும் எழுதியிருக்கிறேன்.

யாராவது வந்தால் வடகம் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை. வேலைக்கு நேரமாயிற்று.

அந்த அம்மா யாரென்று ஊரே கேட்கிறது. அந்தப் பெண் நானா என்று நீங்கள் கேட்கவே இல்லை.

ஏலிஸ்