பதினொன்று பத்துக்கு ஒரு பஃப்

ஜன. 9, வெள்ளி
காலையில் பனி. மொட்டை மாடித் துணி இன்னும் ஈரம். மகள் யாழினியோடு டாக்டரிடம். நவம்பரில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குக் காரணம், தினமும் போட வேண்டிய இன்ஹேலரை அவள் பாதி நாள் போடாததுதான் என்கிறார். இன்ஹேலர் தலையில் மாட்ட ஒரு சின்ன சென்சார் தந்தார். அழுத்தும் ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு பஃப்பும், நேரத்தோடு போனுக்கு வரும். அவள் போனுக்கு, என் போனுக்கும்.
யா. வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பதினாறு வயது.
வாங்க: மொச்சை, கோலப்பொடி. கூடுதல் பாலுக்குச் சொல்ல.

ஜன. 10, சனி
நல்ல வெயில். காலை 7.02, இரண்டு பஃப்.
யா. தோழியோடு போனில். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், ஒட்டுக் கேட்கவில்லை. தோழி: "உன் இன்ஹேலருக்கு ஆதார் கார்டு குடுத்துட்டாங்களா மச்சி?" சிரிப்பு. பிறகு இவள், சிரிக்காமல்: "போடறது பிரச்சனை இல்லடி. போட்டேனான்னு எங்கம்மா பாத்துட்டே இருக்காங்க, அதான்."
பருப்பு அடிப்பிடித்தது.

ஜன. 12, திங்கள்
மூன்று நாளாக ஒரு வேளை கூடத் தவறவில்லை. அதனாலேயே சந்தேகம். காற்றில் அடித்தாலும் இது கணக்கில் ஏறுமா? புள்ளியியல் நடத்துகிறவளின் புத்தி. எனக்கு மதியம்தான் வகுப்பு. யா. பள்ளிக்குப் போனதும் இன்ஹேலரை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு அழுத்து. ஏறியது.
மாலை. யா. வந்து பையைக்கூட இறக்கவில்லை.
"அம்மா, பதினொன்னு பத்துக்கு ஒரு பஃப் போயிருக்கு. அப்ப நான் கெமிஸ்ட்ரி லேப்ல இருந்தேன்."
துடைக்கும்போது கைபட்டிருக்கும் என்றேன். பொய்.
"கைபட்டா போகாதும்மா. நல்லா அழுத்தணும்."
ஒத்துக்கொண்டேன். ஏமாற்றுகிறாயோ என்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். "கேட்டிருக்கலாம்ல" என்றாள், அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

ஜன. 13, செவ்வாய்
இட்லி சாப்பிடும்போது யா.வின் நிபந்தனை. என் போனிலிருந்து இன்ஹேலர் கணக்கை எடுத்துவிட வேண்டும். அவளே பார்த்துக்கொள்வாள். மாதம் ஒரு முறை டாக்டர் முன்னால் இருவரும் பார்க்கலாம். நாளை போகி, ஊரெல்லாம் புகை, பொங்கல் கழித்துப் பேசலாம் என்றேன்.
"புகைன்னு எனக்குத் தெரியாதா? மூச்சு என்னுதுதானேம்மா."
டாக்டருக்கு போன். அவள் பொறுப்பில் விடுவது நல்லது, திணறல் வந்தால் மட்டும் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றார். யா. சரி என்றாள். நீக்கினேன். நிச்சயமா என்று போன் இரண்டு முறை கேட்டது.
பாத்திரம் தேய்க்கும் வசந்தா: "இன்னாக்கா, காலைல இருந்து போனையே பாத்துக்கினு கீற?"

ஜன. 14, போகி
விடியும்போதே புகை. எதிர்த் தெருவில் டயர் வாடை. ஜன்னல்களை மூடி, வாசற்கதவின் அடியில் ஈரத் துண்டு.
6.50. போனை எடுத்தேன். அதில்தான் ஒன்றும் இல்லையே. 7.05. யா. அறையில் சத்தமில்லை. தட்டலாமா. கூடாது. 7.10.
உள்ளே இன்ஹேலர் குலுக்கும் சத்தம். மூச்சைப் பிடித்து வைக்கிறாள். எண்ணினேன், பத்து. மூச்சு விடுகிறாள், இரைச்சல் இல்லை. மறுபடி குலுக்கல். மறுபடி பத்து.
கதவைத் திறந்தாள். "இங்க என்னம்மா பண்ற?"
கோலப்பொடி டப்பாவைத் தேடுகிறேன் என்றேன்.
டப்பா என் கையில் இருந்தது.